இறக்குமதிக் கதவு திறந்த பின்: வடக்கில் ஒரு பழைய காரை எதை வைத்து நம்புவது?

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு அந்தக் கதவு மறுபடியும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். இந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் புதிதாகக் கார்கள் பெரும்பாலும் வரவில்லை. ஏற்கனவே இருந்த கார்களே கைமாறின. கொழும்பில் ஓடிய கார் வவுனியாவுக்கு வந்தது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு வந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதன் விலை கூடியது. ஆனால் அதைப் பற்றிய தகவல் குறைந்துகொண்டே வந்தது. முதலாவது உரிமையாளருக்குத் தெரிந்த விபத்து, மூன்றாவது உரிமையாளருக்குத் தெரியாது.

கதவு திறந்த பின்னரும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. இறக்குமதி வரிகளும், 2022இல் வீழ்ந்த ரூபாவின் பெறுமதியும், பெறுமதி சேர் வரியும் சேர்ந்து புதிய காரை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. எனவே எமது மக்களில் பெரும்பாலானவர்கள் இப்பொழுதும் பழைய காரைத்தான் தேடுகிறார்கள். இந்த நேரத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயல் களனி ஆற்றுப் படுக்கை, மலையகம், வன்னி என்று பல இடங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. வெள்ளம் வீடுகளுக்குள் மட்டும் போகவில்லை. வீட்டு முற்றங்களில் நின்ற கார்களுக்குள்ளும் போனது. அந்தக் கார்கள் எங்கே போகும்? கழுவி, காயவிட்டு, மெழுகு பூசி, அவை வெள்ளம் பார்க்காத ஊர்களின் விற்பனைத் தளங்களுக்கு வந்து நிற்கலாம்.

கார் வாங்குவது தனிப்பட்ட விடயம்தானே, இதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கக்கூடும். யுத்தத்தில் வீட்டை, நகையை, கடையை, கால்நடையை இழந்த ஒரு சமூகத்தில் ஒரு கார் என்பது வெறும் வாகனம் அல்ல. அது பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்தபடியான மிகப் பெரிய செலவு. வெளிநாட்டில் உள்ள அண்ணன் இரவு வேலை செய்து அனுப்பிய பணம் அதற்குள் இருக்கிறது. அம்மாவின் காணி உறுதி ஈடாக இருக்கிறது. மிச்சத்துக்கு லீசிங் கடன் இருக்கிறது. அந்தக் கார் ஆறு மாதத்தில் கராஜில் படுத்துவிட்டால், நட்டப்படுவது ஒரு ஆள் அல்ல, ஒரு குடும்பம்.

எமது மக்களுக்கு வாகனத்தைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குள் பெற்றோல் தங்கம்போல் கிடைத்தது. அப்பொழுது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் கிடையாது. கடையும் பட்டறையும் சேர்ந்து உதிரிப்பாகத்தை உருவாக்கின. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே வருத்தம் என்னவென்று சொல்லும் மெக்கானிக்மார் அந்தக் காலத்தின் சொத்து. ஆனால் அந்த அறிவு ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்துக்கு உரியது. அந்த இயந்திரத்தில் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது. இன்றைய காரில் கோளாறு ஒரு கணினிப் பெட்டிக்குள் இருக்கிறது. அது சத்தம் போடாது. விற்பவர் நினைத்தால், விற்பதற்கு முதல் நாள் அதை அழித்துவிடலாம்.

இன்று வடக்கின் இளையவர்கள் அதிகம் விரும்புவது வேகமும் தோற்றமும் உள்ள சிறிய கார்களைத்தான். ஹொண்டா சிவிக், ஹொண்டா ஃபிட், சுசுகி ஸ்விஃப்ட் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்த விருப்பத்தைக் குறை சொல்லத் தேவையில்லை. இளம் வயதில் வேகம் பிடிக்கும். ஆனால் எந்தக் கார் எமது முற்றத்துக்கு வருகிறது என்பதை எமது விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கொழும்பில் எழுதப்படும் வரி அட்டவணையும் தீர்மானிக்கிறது. இலங்கையில் கார்களுக்கான உற்பத்தி வரி நீண்ட காலமாக எஞ்சினின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆயிரம் சி.சிக்குக் குறைந்தால் வரி குறைவு. அதனால் உலகின் வேறு இடங்களில் பெரிய எஞ்சினோடு ஓடும் காரும் இங்கே சிறிய எஞ்சினோடு வந்து இறங்கியது. சிறிய எஞ்சினில் பெரிய எஞ்சினின் வேலையை வாங்குவதற்கு டேர்போ பொருத்தப்பட்டது. அல்லது மின்மோட்டார் சேர்த்து ஹைபிரிட் ஆக்கப்பட்டது. இரண்டுமே நல்ல தொழில்நுட்பங்கள்தான். ஆனால் இரண்டுமே பராமரிப்பில் பிழை விட்டால் மன்னிக்காத தொழில்நுட்பங்கள்.

முதலில் சிவிக்கை எடுத்துக்கொள்வோம். பத்தாவது தலைமுறை சிவிக்கில் எமது வீதிகளில் அதிகம் தெரிவது 988 சி.சி கொண்ட மூன்று சிலிண்டர் டேர்போ எஞ்சின். ஓடும்பொழுது அது சிறிய எஞ்சின் என்று தோன்றாது. அதன் கவர்ச்சியே அதுதான். ஆனால் இந்த எஞ்சினில் டைமிங் பெல்ற் எண்ணெய்க்குள் நனைந்தபடி சுழல்கிறது. வழமையான உலர்ந்த பெல்ற்றும் அல்ல, சங்கிலியும் அல்ல. இப்படிப்பட்ட பெல்ற்றுக்கு எண்ணெய்தான் உயிர். உரிய தரத்தில் இல்லாத எண்ணெயை விட்டால், அல்லது மாற்ற வேண்டிய காலத்தைத் தாண்டி ஓடினால், பெல்ற்றின் ரப்பர் மெல்ல மெல்லக் கரைந்து உதிரும். உதிர்ந்த துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழும். பிறகு டேர்போவும் போகும், எஞ்சினும் போகும். இறக்குமதித் தடைக்கு முன் வந்த இந்தக் கார்களுக்கு இப்பொழுது ஏழு முதல் ஒன்பது வயது. ரப்பருக்கு அது இளமை அல்ல. ஆகவே இந்தக் காரைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வர்ணத்தைப் பற்றியோ சில்லைப் பற்றியோ அல்ல. எந்த எண்ணெய், எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை, எங்கே மாற்றப்பட்டது, பற்றுச்சீட்டு எங்கே? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாத சிவிக்குக்கு, பெல்ற் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஹொண்டா ஃபிட். இங்கே ஜீ.பி.1, ஜீ.பி.5 என்ற இரண்டு பெயர்கள் அடிபடும். இரண்டும் ஹைபிரிட். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முந்தியதில் சி.வி.ரி கியர் அமைப்பு. பிந்தியது 2013 செப்ரெம்பரில் யப்பானில் அறிமுகமானது. அதில் இரட்டைக் கிளச் கொண்ட ஏழு வேகக் கியர்பெட்டி. ஓட்டத்துக்கு விறுவிறுப்பானது. ஆனால் வெளிவந்து சுமார் ஓராண்டுக்குள், 2014 ஒக்ரோபர் வரையில், ஃபிட் ஹைபிரிட் ஐந்து தடவைகள் திரும்ப அழைக்கப்பட்டது. அதில் முக்கியமான இடத்தைப் பிடித்தது இந்தக் கியர்பெட்டியும் அதன் மென்பொருளும்தான். அப்பொழுது நிறுவனத்தின் தலைவர் உட்பட உயர் அதிகாரிகள் தமது சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு பொறுப்பை ஏற்றார்கள். அதே கியர்பெட்டி வெசல், கிறேஸ் போன்ற கார்களிலும் உண்டு. இதன் கருத்து அந்தக் கார்கள் எல்லாம் கூடாது என்பதல்ல. திருத்தம் செய்யப்பட்ட கார் எது, செய்யப்படாத கார் எது என்பதைச் சட்ட இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே. ஓட்டிப் பார்க்கும்பொழுது யாழ். நகரின் நெரிசலுக்குள், நல்ல வெயிலில், நின்று நின்று மெல்ல ஊர்ந்து ஓட்ட வேண்டும். கிளச்சின் நடுக்கமும் இழுபறியும் திறந்த வீதியில் தெரியாது. நெரிசலில்தான் தெரியும்.

மூன்றாவது ஸ்விஃப்ட். இந்த மூன்றுக்குள்ளும் எளிமையானது அதுதான். அதன் 1.2 லீற்றர் எஞ்சின் சங்கிலியில் ஓடுகிறது. சாதாரண மெக்கானிக் கை வைக்கக்கூடியது. ஆனால் ஸ்விஃப்ட்டில் ஏமாற்றம் வேறு விதமாக வருகிறது. யப்பானில் உற்பத்தியானதும் இந்தியாவில் உற்பத்தியானதும் ஒரே பெயரில் ஓடுகின்றன. பாதுகாப்பு உபகரணங்களும் உதிரிப்பாகங்களும் ஒன்றல்ல. தவிர, ஆர்.எஸ் என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது பந்தயக் கார் என்று அர்த்தம் இல்லை. 1.2 ஆர்.எஸ் வகையில் எஞ்சின் சாதாரண வகையில் உள்ளதுதான். தோற்றமும் சஸ்பென்சனும்தான் வேறு. ஸ்போட் என்ற வகை முற்றிலும் வேறு. எழுத்துகளைக் கடையில் வாங்கி ஒட்டலாம். எழுத்துக்கு இலட்சக்கணக்கில் கொடுக்க முன்னர் சட்ட இலக்கத்தின் முதல் பகுதியைப் பார்க்க வேண்டும். ஸ்போட் வகையா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

இனி, எல்லாக் கார்களுக்கும் பொதுவான கேள்விக்கு வருவோம். எத்தனை கிலோமீற்றர் ஓடியது? எமது சந்தையில் விலையைத் தீர்மானிக்கும் கேள்வியும் இதுதான், அதிகம் பொய் சொல்லப்படும் கேள்வியும் இதுதான். ஒரு சிறிய கணக்கு. 2017ஆம் ஆண்டுக் கார் ஒன்று 38,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்கிறார்கள் என்று வைப்போம். ஒன்பது வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 4,200 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போய் வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். அப்படியென்றால் அந்தக் கார் வருடத்துக்கு ஐந்து தடவை கொழும்புக்குப் போய் வந்து, மிச்ச நாள் எல்லாம் வீட்டில் நின்றிருக்க வேண்டும். முடியாதது என்றில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் நின்றது, 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றது என்று காரணம் சொல்லலாம். ஆனால் அந்தக் காரணம் உண்மையென்றாலும் அது முழுக்க நல்ல செய்தி அல்ல. மாதக்கணக்கில் நின்ற காரில் ரப்பர் வளையங்கள் காயும். பிரேக் துருவேறும். ஹைபிரிட் பற்றரி வலுவிழக்கும். ஓடாத கார் எல்லாம் புதிய கார் அல்ல.

மீற்றரைத் திருப்பலாம். ஆனால் காரின் உடம்பு முழுவதையும் திருப்புவது கடினம். மிதிகட்டையின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்ரேரிங் வழுவழுப்பாகிவிட்டதா, சாரதி இருக்கையின் விளிம்பு அமுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் புதிதாக மாற்றப்பட்டிருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் உற்பத்தி வாரம், பின் இரண்டும் உற்பத்தி ஆண்டு. 38,000 கிலோமீற்றர் ஓடிய காரில் மூன்றாவது சோடி ரயர் இருந்தால் கணக்கு உதைக்கிறது. கண்ணாடிகளிலும் உற்பத்திக் குறியீடு உண்டு. ஒரு கண்ணாடி மட்டும் மற்றவற்றை விடப் பிந்தியதென்றால் அந்தப் பக்கம் எதிலோ அடிபட்டிருக்கலாம். இருக்கைப் பட்டியின் அடியில் தைத்திருக்கும் துண்டில் ஆண்டு இருக்கும். அதையும் ஒப்பிட வேண்டும்.

யப்பானில் இருந்து வந்த கார் என்றால் ஏலத்தாள் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நான்கரை, நான்கு, மூன்றரை என்று தரம் போட்டிருக்கும். ஆர் என்று இருந்தால் விபத்தில் திருத்தப்பட்ட கார். வரைபடத்தில் ஏ என்பது கீறல், யூ என்பது பள்ளம், டபிள்யூ என்பது தட்டிப் பூசிய இடம், இரண்டு எக்ஸ் என்பது மாற்றப்பட்ட பாகம். இந்தத் தாளை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அது ஒரு தாள். தாளை அச்சடிக்கலாம். விற்பவர் தரும் பிரதியை நம்பாமல், சட்ட இலக்கத்தைக் கொடுத்துச் சுயாதீனமாக எடுத்த பிரதியோடு ஒப்பிடுவதே முறை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஏலத்தாள் சொல்வது யப்பானில் அந்தக் காருக்கு என்ன நடந்தது என்பதை மட்டுமே. இலங்கைக்கு வந்த பின் எட்டு வருடம் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இப்பொழுது தனியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து. வெள்ளம் கண்ட கார் உடனே சாகாது. அது மெல்லச் சாகும். மின்னிணைப்புகளுக்குள் புகுந்த சேற்றுநீர் பச்சைப் பூஞ்சையாக மாற மாதங்கள் எடுக்கும். அதற்குள் கார் கைமாறிவிடும். கார் புத்தம்புதிய கார்போல வாசனைத் திரவியம் மணந்தால் அதுவே முதலாவது சந்தேகம். கால்விரிப்பை மட்டும் தூக்கிப் பார்ப்பது போதாது. அடியில் ஒட்டியிருக்கும் கம்பளத்தின் கீழ் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இருக்கைத் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு இருக்கிறதா, உதிரிச்சில் வைக்கும் குழிக்குள் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கைப் பட்டியை முடிவு வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியில் தெரியும் பகுதியைக் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றின் நிறம் நிற்கும். முன்விளக்குக்குள் ஆவி படிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஹைபிரிட் கார் என்றால் உயர் மின்னழுத்தப் பற்றரி பின்பக்கம் தாழ்வாக இருப்பதால் ஆபத்து இரட்டிப்பு. வெள்ளம் கண்ட ஹைபிரிட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.

காரைப் பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது போக வேண்டும். வருவதாகச் சொல்லிவிட்டுப் போனால் சிலர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைப்பார்கள். பொனட்டில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும்பொழுது சங்கிலிச் சத்தமோ நீலப் புகையோ வந்தால் அது எச்சரிக்கை. டேர்போ உள்ள காரைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு திடீரென்று மிதித்தால் நீலப் புகை தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் கருந்தாராகப் படிந்திருந்தால் எண்ணெய் மாற்றப்பட்ட விதம் அதிலேயே எழுதியிருக்கிறது.

அடுத்து ஸ்கானர். இன்று யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அது வைத்திருக்கும் கராஜ்கள் உண்டு. விற்பவர் சொல்லும் கராஜுக்குப் போகக்கூடாது. வாங்குபவர் தானே தெரிந்தெடுத்த கராஜுக்குப் போக வேண்டும். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று திரை சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது. காரின் சுயபரிசோதனைகள் பூர்த்தியாகியிருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். அவை பூர்த்தியாகவில்லை என்று வந்தால், மிக அண்மையில் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் பார்ப்போம் என்று சொல்லிப் பாருங்கள். விற்பவரின் முகத்தில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வேகக் கார்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், முன்னைய உரிமையாளரின் விளையாட்டு. சஸ்பென்சனைப் பதித்திருப்பார்கள், புகைக்குழாயை மாற்றியிருப்பார்கள், கணினியின் நிரலை மாற்றி வலுவைக் கூட்டியிருப்பார்கள். விற்கும்பொழுது பழைய பாகங்களைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். ஆனால் தடயம் நிற்கும். முன்ரயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். டாஷ்போட்டில் அளவுமானி இருந்த துளை இருக்கும். அடிப்பாகத்தில் கல் உரசிய நீளக் கோடுகள் இருக்கும். வன்னியின் கிறவல் பாதைகளில் ஓடிய பதிந்த காரை உயர்த்தி அடியைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. தீவகத்தில், மன்னாரில், வடமராட்சிக் கரையோரத்தில் ஓடிய கார் என்றால் உப்புக்காற்றின் துருவையும் அடியில்தான் தேட வேண்டும்.

பணத்தை விடப் பெரிய விடயம் உயிர். தகாட்டா என்ற நிறுவனத்தின் காற்றுப்பைகள் உலகம் முழுவதும் சுமார் 10 கோடி அளவில் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றின் ஊதிகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று சூட்டிலும் ஈரப்பதனிலும் கெட்டுப்போய், விபத்தின்போது உலோகச் சிதறல்களை ஓட்டுநரின் முகத்தில் எறிந்தது. சூடும் ஈரப்பதனும் எமது நாட்டின் சாதாரண நாள். ஹொண்டா உட்படப் பல நிறுவனங்களின் கார்களில் அவை இருந்தன. யப்பானில் பாவித்து இங்கே வந்த காரின் இன்றைய உரிமையாளருக்குத் திரும்ப அழைக்கும் கடிதம் வீடு தேடி வராது. அவரே சட்ட இலக்கத்தைக் கொண்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ முகவரிடமோ தேட வேண்டும். இன்னொன்று, விபத்தில் வெடித்த காற்றுப்பையை மாற்றச் செலவு அதிகம் என்பதால் வெறும் மூடியைப் போட்டு ஒட்டிவிடுபவர்களும் உண்டு. சாவியைப் போட்டவுடன் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள். பந்தயக் காரைப் போல ஓட்ட ஆசைப்பட்டு வாங்கும் காரில் காற்றுப்பை இல்லை என்றால் அந்த ஆசைக்கு விலை வேறு.

இனிப் பத்திரங்கள். இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோன வாகனங்களைக் கைவிட்டு வந்தவர்களுக்கு, ஒரு வாகனம் தன்னுடையது என்று நிறுவ ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதை யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே சமூகத்தில்தான் இன்றைக்கும் திறந்த பத்திரத்தில் கார்கள் கைமாறுகின்றன. விற்றவர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். விபத்து நடந்தால் யார் பொறுப்பு? பதிவில் உள்ளவர் இறந்துவிட்டால், வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது? பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்று ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்தக் கடன் தீரும் வரை கார் அந்த நிறுவனத்தினுடையது. விற்பவர் தவணை கட்டாவிட்டால், வாங்கியவரின் முற்றத்தில் இருந்தே அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் பதிவு இலக்கத்தைக் கொடுத்து விபரங்களைப் பார்க்கலாம். சான்றிதழில் உள்ள சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் பொறித்துள்ள இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். போலி ஆவணங்களில் பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் தொடர்பாகத் திணைக்களத்தின் அதிகாரிகளே கைதான நாடு இது. அப்படியொரு காரைத் தெரியாமல் வாங்கியவருக்கும் கார் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

இதற்குப் பிறகுதான் பணக் கணக்கு வர வேண்டும். எமது சந்தையில் அது முதலில் வந்துவிடுகிறது. ஒரு உதாரணத்துக்கு, லீசிங்கில் 40 இலட்சம் ரூபா கடன், வருடத்துக்கு 16 வீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 97,000 ரூபா. ஐந்து வருடத்தில் கட்டி முடிப்பது 58 இலட்சத்துக்கும் மேல். முழுக் காப்புறுதி, எண்ணெய், ரயர், பெற்றோல் எல்லாம் இதற்கு வெளியே. இப்படிக் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் வருடத்தில் கியர்பெட்டி போனால், கார் கராஜில் நிற்கும், தவணை நிற்காது. கடந்த சில ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியதால், காரை வாங்கினால் நட்டம் இல்லை, வைத்திருந்து விற்கலாம் என்ற நம்பிக்கை எம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்த ஏற்றம் இறக்குமதித் தடையின் விளைவு. தடை நீங்கிய சந்தையில் அதே ஏற்றம் தொடரும் என்று கடன் எடுப்பது ஆபத்தானது. காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது திருத்தச் செலவுக்கென்று ஒதுக்கி வைக்க முடியாதவர், அந்தக் காரை விடச் சிறிய காரைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் வாங்குபவர் ஒருவரே செய்ய வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு ஆசிரியர், ஒரு மீனவர், வெளிநாட்டில் இருந்து பணம் வரும் ஒரு தாய், இவர்கள் எல்லாரும் ஏலத்தாளும் ஸ்கானரும் படித்துவிட்டுத்தான் கார் வாங்க வேண்டுமா? இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. காப்புறுதி நிறுவனங்கள் முழு நட்டம் என்று கணக்கு முடித்த வாகனங்களின் இலக்கங்கள் அவற்றிடம் இருக்கின்றன. வெள்ளத்துக்கு இழப்பீடு கொடுத்த கார்களின் இலக்கங்களும் இருக்கின்றன. வாகனப் பதிவுகள் திணைக்களத்திடம் இருக்கின்றன. இவற்றை ஒன்றுசேர்த்து, யாரும் ஒரு இலக்கத்தைத் தட்டிப் பார்க்கக்கூடிய பதிவேடாகத் தமிழிலும் தந்தால், ஏமாற்று வியாபாரத்தில் பெரும் பகுதி நின்றுவிடும். டித்வாவுக்குப் பிறகு அதற்கான அவசியம் முன்னரை விட அதிகம். பாராளுமன்றத்தில் எமது மக்களின் பிரதிநிதிகள் கேட்கக்கூடிய மிக எளிய கேள்விகளில் இதுவும் ஒன்று. இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை.

எம்மால் செய்யக்கூடியதும் உண்டு. மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய தலைமுறையின் கைத்திறன் இன்னும் எமது கராஜ்களில் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு ஸ்கானரும் ஹைபிரிட் பயிற்சியும் கிடைத்தால் போதும். புலம்பெயர்ந்த மண்ணில் கார்த் தொழிற்சாலைகளிலும் பெரிய கராஜ்களிலும் வேலை செய்யும் எமது ஆட்கள் பலர் இருக்கிறார்கள். ஊருக்கு மண்டபமும் தேரும் கட்டப் பணம் அனுப்பும் சங்கங்கள், தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் வாகனப் பரிசோதனைக் கூடம் ஒன்றை அமைக்க உதவினால் என்ன? ஒரு சிறு கட்டணத்துக்கு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சாராத ஒருவர் காரைப் பார்த்துத் தமிழில் ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்கட்டும். சில ஆயிரம் ரூபா அறிக்கை ஒன்று பல இலட்சத்தைக் காப்பாற்றும்.

அதுவரையில், பார்த்த காரை விட்டுவிட்டு வரத் தயாராக இருப்பதுதான் வாங்குபவரிடம் உள்ள ஒரே பலம். இண்டைக்கே முற்பணம் தராவிட்டால் நாளைக்கு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லப்படும் காரை, அந்த வேறு ஆளே எடுக்கட்டும். கதவு திறந்திருக்கிறது, கார்கள் இன்னும் வரும்.